புயல் கரையைக் கடந்த பிறகும் கேமராவை அணைக்காதீர்கள்

தமிழ்த் தொலைக்காட்சிச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

வணக்கம். ஐப்பசி பிறந்துவிட்டால் உங்கள் செய்தி அறைகளில் யாருக்கும் சரியான தூக்கம் இருக்காது என்று தெரியும். அந்தமான் பக்கம் ஒரு சுழற்சி தெரிந்ததுமே திரையில் செயற்கைக்கோள் படம் ஏறிவிடும். சென்னைக்கு இத்தனை கிலோமீட்டர், மணிக்கு இத்தனை வேகம் என்று எண்கள் ஓடும். பாம்பனிலும் நாகையிலும் கடலூரிலும் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று சொல்வீர்கள். மழைக்கோட்டு போட்ட செய்தியாளர் ஒருவர் கடற்கரையில் நின்று, மைக்கைக் காற்று பிடுங்கிக்கொண்டு போகாமல் இறுக்கிப் பிடித்தபடி பேசுவார். இதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பிள்ளைகளின் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு. என் குறை அதற்கு அப்புறம் நடப்பதில்தான்.

'புயல் கரையைக் கடந்தது' என்று சிவப்புப் பட்டையில் போடுவீர்கள். சாய்ந்த மரங்களை நாலு கோணத்தில் காட்டுவீர்கள். மறுநாள் காலையில் அரசியலுக்குத் திரும்பிவிடுவீர்கள். எங்களைப் போன்ற உள் மாவட்டத்துக்காரர்களுக்குப் புயல் அப்போதுதான் வந்து சேருகிறது. புவி வெப்பமாவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்பதால்தான் இந்த மடல்.

நான் விழுப்புரம் மாவட்டத்துக்காரன், திண்டிவனம் பக்கம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது காற்றின் வேகம் மணிக்கு 70, 80 கிலோமீட்டர், இடையிடையே 90. வானிலைத் துறையின் பட்டியலில் 62 கிலோமீட்டரில் புயல் தொடங்குகிறது, 89-இல் தீவிரப் புயல். அதாவது, பெயர் வைப்பதற்குத் தேவையான தகுதியை மட்டும் எட்டிய புயல் இது. எங்கள் தெருவில் ஓடுகூடப் பெரிதாகப் பறக்கவில்லை. ஆனால் கரையேறிய புயல் உள்ளே போகாமல் புதுச்சேரியை ஒட்டியே மணிக்கணக்கில் நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. புதுச்சேரியிலும் 45 செ.மீ.க்கு மேல். ஏரிகள் கலங்கல் தாண்டி வழிந்தன, வாய்க்கால் எது, சாலை எது என்று தெரியவில்லை. மின்சாரம் போனதால் வீட்டில் டிவி இல்லை. இருந்த கொஞ்சம் சார்ஜில் கைப்பேசியில் நேரலையைத் திறந்தால், சென்னையில் மழை ஓய்ந்து விமான நிலையம் திறந்த செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

அதோடு முடிந்ததா? டிசம்பர் 1 மாலை திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வீட்டின் மேல் மண்ணும் பாறையும் சரிந்து ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அன்று இரவு அதே மழை கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போயிற்று. ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டிய ஊர் அது. அங்கே சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போன காட்சியை நீங்களும் காட்டினீர்கள். யாரோ கைப்பேசியில் எடுத்து அனுப்பிய காட்சி அது. உங்கள் கேமரா அங்கே இல்லை. விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை பெருக்கெடுத்து அரசூர் அருகே திருச்சி தேசிய நெடுஞ்சாலையையே மூழ்கடித்தது. அப்போது புயலுக்குப் பெயர்கூட மிச்சமில்லை. வலுவிழந்து வெறும் தாழ்வுப் பகுதியாகிவிட்டது என்றுதான் செய்தியில் சொன்னீர்கள்.

சரி, இதில் புவி வெப்பம் எங்கே வந்தது?

ஒவ்வொரு புயலின்போதும் ஒரு ராத்திரி விவாதம் வைக்கிறீர்கள். 'இந்தப் புயலுக்குக் காரணம் பருவநிலை மாற்றமா?' என்பது தலைப்பு. ஒருவர் எல்லாமே அதனால்தான் என்பார். எதிரில் இருப்பவர், 1964-இல் தனுஷ்கோடியை ரயிலோடு கடல் கொண்டுபோனதே, அப்போது எந்தப் பருவநிலை மாற்றம் என்பார். நெறியாளர் நடுவில் புகுந்து 'ஆமா, இல்லை, ஒரே வார்த்தையில்' என்பார். அரை மணி நேரம் போனபின் பார்க்கிறவருக்கு மிஞ்சுவது சத்தம்தான்.

தனுஷ்கோடி பற்றிச் சொல்பவர் சொல்வது உண்மை. 1977 நவம்பரில் ஒரே வாரத்துக்குள் நாகப்பட்டினத்தில் ஒரு புயலும் ஆந்திரத்தின் திவிசீமையில் இன்னொன்றும் அடித்தன. திவிசீமையில் கடல் உள்ளே புகுந்து பத்தாயிரம் பேர் அளவில் மாண்டார்கள். 1970-இல் இன்றைய வங்கதேசத்தில் ஒரே இரவில் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். புயல் வங்கக்கடலுக்குப் புதிதில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுவே இல்லை. புவி வெப்பம் புயலைப் பிறப்பிக்கிறதா என்று எந்த விஞ்ஞானியும் இன்று மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. பிறந்த புயலின் கையில் அது எவ்வளவு கூடுதல் தண்ணீரையும் பலத்தையும் கொடுத்து அனுப்புகிறது என்பதுதான் கணக்கு.

இந்தச் சண்டையை அமெரிக்கர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே போட்டு முடித்துவிட்டார்கள். அவர்கள் ஹரிக்கேன் என்பதும் சீனக் கடலில் டைஃபூன் என்பதும் நம் புயலும் ஒரே பிறவிதான். 2005 ஜனவரியில் கிறிஸ் லேண்ட்சீ என்ற புயல் ஆய்வாளர், ஹரிக்கேன்களையும் புவி வெப்பத்தையும் ஆதாரம் போதாமல் முடிச்சுப் போடுகிறார்கள் என்று சொல்லி, ஐ.நா.வின் பருவநிலை அறிக்கைப் பணியிலிருந்தே விலகினார். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கெரி இமானுவல், முப்பது ஆண்டுகளாகப் புயல்களின் அழிவுச் சக்தி கூடிக்கொண்டே வருகிறது என்று ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். சில வாரங்களில் கத்ரீனா வந்து நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? அங்கேயும் ஸ்டுடியோவில் ஒருவரை இந்தப் பக்கமும் இன்னொருவரை அந்தப் பக்கமும் உட்கார வைத்து மோதவிட்டார்கள். ஆய்வாளர்களோ அதற்குள் தரவுகளைப் பழுது பார்க்கப் போய்விட்டார்கள். செயற்கைக்கோள் வருவதற்கு முன் நடுக்கடலில் யாரும் பார்க்காமலே வந்து போன புயல்கள் எத்தனை, பழைய கணக்கை எவ்வளவு நம்பலாம் என்றெல்லாம் தோண்டினார்கள்.

அதன் விளைவாக இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் நிலை இது. புயல்களின் மொத்த எண்ணிக்கை கூடும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. உலக அளவில் அப்படியே இருக்கலாம், குறையவும் செய்யலாம். ஆனால் வரும் புயல்களில் மிகக் கடுமையானவற்றின் பங்கு கடந்த நாற்பது ஆண்டுகளில் கூடியிருக்க வாய்ப்பு அதிகம் என்று ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை சொல்கிறது. மழையைப் பற்றி அதைவிட உறுதியாகச் சொல்கிறார்கள். கடல் மட்டத்தைப் பற்றியோ சந்தேகமே இல்லை: 1900-க்குப் பிறகு உலகச் சராசரியில் 20 செ.மீ. அளவுக்கு உயர்ந்திருக்கிறது, புயல் அலை அந்தக் கூடுதல் உயரத்தின் மேல் நின்றுதான் உள்ளே வருகிறது.

அட்லாண்டிக்கில் எண்பதுகளுக்குப் பிறகு புயல் எண்ணிக்கை கூடியிருக்கிறதே என்று யாராவது கேட்டால், கேட்டது நியாயம்தான். அதில் ஒரு பங்கு, அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஆலைப் புகையைக் குறைத்ததால் வந்தது என்கிறார்கள். புகை கடலுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தது. குடையை மடக்கியதும் வெயில் நேராக இறங்கியது. இந்த மாதிரிச் சிக்கல்களைச் சொல்ல ஒரு விஞ்ஞானிக்குப் பத்து நிமிடம் வேண்டும். நீங்கள் கொடுப்பது நாற்பது விநாடி.

மழை ஏன் உறுதியான கணக்கு என்றால், அது அடிப்படை இயற்பியல். காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். புயல் பல நூறு கிலோமீட்டர் சுற்றளவிலிருந்து அந்த ஈரக் காற்றை நடுவே இழுத்துக்கொள்கிறது. காற்று வலுத்தால் இழுப்பும் கூடும், ஆகவே மழை அந்த 7 விழுக்காட்டுக்கு மேலும் போகலாம். 2017 ஆகஸ்டில் ஹார்வி டெக்ஸாஸில் கரையேறி அங்கேயே நாள்கணக்கில் நின்று, ஓரிடத்தில் 1,500 மி.மீ.க்கும் மேல் கொட்டியது. புவி வெப்பம் இல்லாதிருந்தால் பெய்திருக்கக்கூடியதைவிட அந்த மழை சுமார் 15 விழுக்காடு அதிகம் என்று ஓர் ஆய்வுக் குழு கணக்கிட்டது. மற்றொரு குழுவின் கணக்கு அதையும் தாண்டியது. 15 விழுக்காடுதானே என்று தோன்றும். ஏரிக்கரையில் வீடு இருக்கிறவரைக் கேளுங்கள். கரை தாங்குவதும் உடைவதும் கடைசி அரை அடித் தண்ணீரில்தான் இருக்கிறது.

அடுத்தது, புயல் பலமடையும் வேகம். இது செய்தி அறைகளை நேராகப் பாதிக்கும் விஷயம். கடல் மேற்பரப்பு 26, 27 டிகிரிக்கு மேல் இருந்தால் புயல் வளர இடம் உண்டு. வங்கக்கடலில் வெப்பத்துக்குப் பஞ்சமே இல்லை. சாதாரணமாகப் புயல் தன் காற்றாலேயே கடலைக் கலக்கி, அடியிலிருக்கும் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவந்து, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெப்பம் ஆழத்துக்கு இறங்கிவிட்டால் கலக்கினாலும் சுடுநீர்தான் மேலே வரும். வங்கக்கடலில் இன்னொன்றும் உண்டு: கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொண்டுவந்து கொட்டும் நன்னீர் உப்புநீரின் மேல் ஒரு அடுக்காகப் படிந்து, அந்தக் கலக்கத்தைத் தடுக்கிறது. 2020 மே மாதம் ஆம்பன் அப்படியொரு சூடான கடலில்தான் மளமளவென்று பெருகி, 1999 ஒடிசாப் புயலுக்குப் பிறகு வங்கக்கடலின் முதல் சூப்பர் புயலானது.

மெக்ஸிகோவின் அகபுல்கோ கதை இன்னும் மோசம். 2023 அக்டோபரில் ஓடிஸ் ஒரு சாதாரணப் புயலாகத்தான் வந்துகொண்டிருந்தது. 24 மணி நேரத்துக்குள் ஐந்தாம் வகைக்குப் போய்விட்டது, அதுதான் அவர்கள் பட்டியலில் உச்சம். கணினிக் கணிப்புகள் கோட்டைவிட்டன. காலையில் 'மழை வரலாம்' என்று கேட்டவர்கள் நள்ளிரவில் ஜன்னலில்லாத அறையில் ஒளிந்துகொண்டிருந்தார்கள். 2025 அக்டோபரில் மெலிஸ்ஸா வேகமாக வளர்ந்து, மணிக்கு 295 கிலோமீட்டர் அளவுக் காற்றோடு ஜமைக்காவில் ஏறியது.

நமக்கு ஒக்கி போதும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி கன்னியாகுமரிக்குத் தெற்கே அது புயலாக மாறியபோது, தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் புறப்பட்டுப் போய் நாளாகிவிட்டது. வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள் அவர்கள். கரையிலிருந்து கூப்பிட்டால் எட்டும் தூரத்தில் யாரும் இல்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக இருநூறுக்கு மேற்பட்டோர் திரும்பவே இல்லை. ஒக்கியைப் புவி வெப்பம்தான் அனுப்பியது என்று நான் சொல்லமாட்டேன், அப்படிச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. ஆனால் எச்சரிக்கைக்கும் அடிக்கும் நடுவே கிடைக்கும் நேரம் சுருங்கினால் என்ன ஆகும் என்று குமரிக் கரைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆகவே தயவுசெய்து, கணிப்பு ஒருமுறை தப்பினால் 'சொதப்பியது வானிலை மையம்' என்றும், புயல் வலுவிழந்தால் 'புஸ்வாணமானது' என்றும் தலைப்பு வைக்காதீர்கள். அந்தத் தலைப்பைப் பார்த்தவர் அடுத்த முறை படகை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

என் முக்கியமான புகாருக்கு வருகிறேன். புயலை நீங்கள் காற்றால் அளக்கிறீர்கள். தீவிரம், மிகத் தீவிரம், அதி தீவிரம் எல்லாம் காற்றின் படிகள். அந்தப் படிகள் தப்பு என்று சொல்ல வரவில்லை; கஜா டெல்டாவின் தென்னையை முறித்ததும், 'தானே' புயல் பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் சாய்த்ததும், வர்தா சென்னையின் மரங்களைப் பிடுங்கியதும் காற்றுதான். ஆனால் ஆளைக் கொல்வது அதிகமும் தண்ணீர். அமெரிக்கர்கள் 2013 முதல் 2022 வரை கணக்கெடுத்துப் பார்த்தபோது, ஹரிக்கேன் நேரடியாகப் பறித்த உயிர்களில் பாதிக்கு மேல் மழை வெள்ளத்தில் போனவை. 2012-இல் சாண்டி நியூயார்க் பக்கம் வந்தபோது கரையேறும் நேரத்தில் அது முறைப்படி ஹரிக்கேனே இல்லை. சுரங்க ரயில் பாதைக்குள் கடல் புகுந்ததை அது தடுக்கவில்லை.

2024 செப்டம்பரில் ஹெலீன் ஃபுளோரிடாவில் கரையேறியது. கேமராக்கள் எல்லாம் கரையில். சாவு அதிகம் விழுந்தது பல நூறு கிலோமீட்டர் வடக்கே, வட கரோலினாவின் மலைப் பகுதியில். அங்கே இருக்கும் ஆஷ்வில் என்ற ஊருக்கு, புயல் தொல்லை இல்லாத இடம் என்று நம்பிக் குடிபெயர்ந்தவர்கள் உண்டு. ஆற்றுவெள்ளம் வீடுகளையே பெயர்த்துக்கொண்டு போனது. அந்த மழை புவி வெப்பத்தால் சுமார் 10 விழுக்காடு கூடியிருந்தது என்பது பின்னர் வந்த கணக்கு.

ஆஷ்வில் தூரம் என்றால் இலங்கை மலைநாடு இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா இலங்கையில் ஏறியபோது, காற்றை வைத்துப் பார்த்தால் அதுவும் கீழ்ப்படிப் புயல்தான். இறந்தவர்கள் அறுநூறுக்கும் மேல். கண்டியிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் மலை சரிந்து, தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்களின் லயன் வீடுகளோடு மனிதர்கள் மண்ணுக்குள் போனார்கள். இங்கே நம் திரையிலோ, அது சென்னைக்கு வருமா வராதா என்ற ஒரே கேள்விதான் அந்த நாள்களில் பெரிதாக ஓடியது.

சென்னையை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். 2023 டிசம்பர் 5-ஆம் தேதி மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திரத்தின் பாபட்லா அருகே. அதற்கு முந்தின நாளே வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் மாடிவரை ஏறி உட்கார்ந்திருந்தார்கள் மக்கள். அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பெய்தது. அப்போது புயலே இல்லை. பெயர் இல்லை, கூண்டு இல்லை, கரையைக் கடக்க எதுவும் இல்லை, வளிமண்டலத்தில் ஒரு சுழற்சி மட்டும்தான். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கானோர் ஸ்டேஷனிலேயே கிடந்தார்கள். தாமிரபரணிக் கரை முழுக்கத் தண்ணீர். சூடான கடல் அனுப்பும் ஈரத்துக்கு இறங்க ஒரு சுழற்சி கிடைத்தால் போதும்.

உங்களால் என்ன முடியும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு சொல்கிறேன். 1999-இல் ஒடிசாவில் பத்தாயிரம் பேர் அளவில் இறந்தார்கள். 2013-இல் ஃபைலின் அதே மாநிலத்தில் ஏறியபோது இறப்பு ஐம்பதைத் தாண்டவில்லை. நடுவில் அரசு கட்டிய புயல் பாதுகாப்பு மையங்களும், வானிலைத் துறையின் முன்னறிவிப்பும், லட்சக்கணக்கானோரை முன்கூட்டியே இடம் மாற்றியதும் வேலை செய்தன. செய்தியை வீடு வீடாகக் கொண்டுபோனதில் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் பங்கு உண்டு. கடற்கரைக்காரருக்கு அவ்வளவு நன்றாகச் செய்த வேலையை ஆற்றங்கரைக்காரருக்கும் மலையடிவாரத்துக்காரருக்கும் இன்னும் யாரும் செய்யவில்லை.

ஆகவே கேட்கிறேன். திரையின் ஓரத்தில் சுழலும் அந்தப் படத்துக்குப் பக்கத்தில், எந்த ஆற்றின் நீர்ப்பிடிப்பில் அடுத்த மூன்று நாளில் எத்தனை செ.மீ. எதிர்பார்க்கிறார்கள் என்று போடுங்கள். மாவட்டத்துக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு அடித்தால் போதாது; எங்கள் ஊரில் சொட்டு மழை இல்லாமலே ஊத்தங்கரை மழை தென்பெண்ணை வழியாக எங்கள் மாவட்டத்துக்கு வந்து சேரும். அணையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வருகிறது, எப்போது திறப்பார்கள் என்பதை ராத்திரி இரண்டு மணிக்கும் ஓடும் எழுத்தில் போடுங்கள். திறந்த தண்ணீர் எந்த ஊரை எத்தனை மணிக்கு எட்டும் என்று பொதுப்பணியிலும் நீர்வளத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் மனக்கணக்காகச் சொல்வார்கள். விவாதத்துக்கு அழைக்கும் கட்சிக்காரர்களில் ஒருவரைக் குறைத்துவிட்டு அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

விஞ்ஞானி வந்தால் 'இந்தப் புயல் பருவநிலை மாற்றத்தால் வந்ததா' என்று கேட்காதீர்கள். 'இந்தக் கடல் வழக்கத்தைவிட எவ்வளவு சூடு? அதனால் மழை எவ்வளவு கூடலாம்? உறுதியாகத் தெரிந்தது எது, இன்னும் ஆராய்வது எது?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு ஆசையாகத்தான் இருக்கும். புனேயில் இருக்கும் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் ராக்ஸி மேத்யூ கோல் போன்றவர்கள் அரபிக்கடலும் வங்கக்கடலும் சூடாவதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து எழுதிவருகிறார்கள்.

கடைசியாக ஒன்று. வரும் பருவமழையில் கரையோரம் ஆறு செய்தியாளர்களை நிறுத்துவீர்களானால், அதில் ஒருவரைப் புயல் கரையேறும் முன்பே சாத்தனூருக்கு அனுப்பிவையுங்கள். புயல் வலுவிழந்த பிறகும் இரண்டு நாள் அவர் அங்கேயே இருக்கட்டும். தங்க இடமும் சாப்பாடும் திருவண்ணாமலையில் தாராளமாகக் கிடைக்கும்.

இப்படிக்கு,
விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஒரு நேயர்